ஆறு வார விதி

ஜூன் 3

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே நானும் உன் அத்தானும் சுகம். அவருக்கு ரத்த அழுத்தம் மாத்திரையால் கட்டுக்குள் இருக்கிறது, வாய்தான் கட்டுக்குள் இல்லை. உன் வயிற்றுப்புண் எப்படி இருக்கிறது? நேரத்துக்குச் சாப்பிடுகிறேன் என்று மட்டும் எழுதாதே, நம்பமாட்டேன்.

விஷயத்துக்கு வருகிறேன். அறிவியலும் பொறியியலும் படிக்கச் சேரும் பிள்ளைகளில் பாதிப் பேர் முதல் வருஷம் முடிவதற்குள் மூட்டை கட்டிவிடுகிறார்கள். அவர்களைப் பிடித்து நிறுத்தத்தான் பன்னிரண்டு கல்லூரிகளில் இந்தக் கைகொடுக்கும் திட்டம் நடக்கிறது. அது எங்கே உண்மையாக வேலை செய்கிறது, எங்கே வெறும் பெயர்ப்பலகை என்று மதிப்பிட்டு எழுதும் பொறுப்பு இப்போது என் மேசைக்கு வந்திருக்கிறது. பன்னிரண்டில் ஒன்று உன் கல்லூரி. என் தம்பி அங்கே பட்டறை ஆசிரியர், அந்தத் திட்டத்திலேயே இருக்கிறான் என்று அதிகாரியிடம் முதல் நாளே சொல்லிவிட்டேன். "நம்பருக்கு ஏதும்மா அக்கா தம்பி, நீங்களே பாருங்க" என்று சிரித்தார்.

மற்ற கல்லூரிகளில் நூற்றுக்கு அறுபத்தைந்து பேர் தங்குகிறார்கள். உங்களிடம் தொண்ணூற்றாறு. பார்த்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. எங்கள் வீட்டுப் பிள்ளையாக்கும் என்று அத்தானிடம் நாலு தடவை சொல்லிவிட்டேன். அறிக்கை நன்றாக அமைந்தால் உங்கள் முறையை இன்னும் நாற்பது கல்லூரிகளுக்குக் கொண்டுபோவார்கள்.

கணக்கெடுக்கும் விதி பழையதுதான், நான் வகுத்தது. சேர்ந்து ஆறு வாரத்துக்குள், அதாவது நாற்பத்திரண்டு நாளுக்குள் விலகுகிறவர்களைக் கணக்கில் சேர்ப்பதில்லை. மருந்தே குடிக்காதவனை வைத்து மருந்தை எடைபோடக் கூடாது இல்லையா? அந்த ஒரு விதிக்காக எனக்குப் பாராட்டுக் கடிதமே வந்தது, உனக்கு ஞாபகம் இருக்கும்.

அங்கே அப்படி என்னதான் செய்கிறீர்கள்? விவரமாக எழுது. உடம்பைக் கவனித்துக்கொள்.

உன் அக்கா


ஜூன் 14

அன்புள்ள அக்காவுக்கு,

வயிற்றுப்புண் அதன் பாட்டுக்கு இருக்கிறது, நான் என் பாட்டுக்கு இருக்கிறேன். அத்தானின் வாய்க்கு மாத்திரை கண்டுபிடித்தால் எனக்கும் ஒரு அட்டை அனுப்பு, எங்கள் பிரின்சிபாலுக்குக் கொடுக்க வேண்டும்.

நாளை மறுநாள் புது ஆட்கள் வருகிறார்கள். விடிந்ததும் எழுப்பிப் பட்டறைக்குக் கூட்டிக்கொண்டு போவோம். ஆளுக்கு ஓர் இரும்புக் கட்டை, ஓர் அரம். ஆறு பக்கமும் தட்டையாக வரும்வரை ராவ வேண்டும். உள்ளங்கைத் தோல் உரியும். அழுவான்கள். பகலில் வகுப்பு. சாயங்காலம் கணக்கும் இயற்பியலும், முடித்தால்தான் சாப்பாடு. முதல் வாரமே ஒரு பரீட்சை வைத்து யார் எந்த லட்சணம் என்று பார்த்துவிடுவோம். கீழே இருக்கிறவர்களைக் கொஞ்சம் இறுக்கிப் பிடிப்போம். கண்டிப்பு இருக்கும், இல்லை என்று சொல்லமாட்டேன். பிள்ளைகள் எனக்கு "அரம்" என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பாசத்தில்தான்.

அறிக்கையில் என் பெயர் வேண்டாம். பட்டறை நன்றாக இருக்கிறது என்று ஒரு வரி போட்டால் போதும். பிரின்சிபால் உன்னைப் பற்றி ரொம்ப மரியாதையாகப் பேசுகிறார். உன் விதிப் புத்தகத்தை மேசையிலேயே வைத்திருக்கிறார், அடிக்கோடெல்லாம் போட்டு.

உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? மாடிப்படி ஏறாதே.

உன் தம்பி


ஜூலை 2

அன்புத் தம்பிக்கு,

முழங்கால் தேவலை. நீ சாப்பிட்டாயா என்று கேட்டு அலுத்துவிட்டது, அதனால் சாப்பிடு என்றே எழுதுகிறேன்.

இரண்டு சந்தேகம். ஒன்று, முதல் நாள் எத்தனை பேர் வந்தார்கள் என்பது நீங்கள் அனுப்பும் பாரத்தில் இல்லை. ஏழாவது வாரத்துப் பட்டியல்தான் இருக்கிறது. விதிப்படி அது போதும், ஆனாலும் எனக்குத் தெரிய வேண்டும்.

இரண்டாவது, வருகைக் குறைவுக்குக் காரணம் பார்ப்பதற்காக எல்லாக் கல்லூரியிலிருந்தும் டிஸ்பென்சரி நோட்டை வரவழைத்தேன். மற்ற இடங்களில் காய்ச்சல், வயிற்றுப்போக்கு, தலைவலி. உங்கள் நோட்டில் விரல், விலா, காது. மூன்று வருஷத்தில் பதினொரு பேருக்குச் செவிப்பறை கிழிந்திருக்கிறது. பதினொன்றும் முதல் ஆறு வாரத்துக்குள். பதினொன்றும் இடது காது. பட்டறையில் விரல் நசுங்குவது எனக்குப் புரிகிறது. காது எப்படி நசுங்கும்?

யோசித்துப் பார்த்து எழுது.

உன் அக்கா


ஜூலை 8

அக்காவுக்கு,

சுகம். நீயும் அத்தானும் சுகமாக இருக்க வேண்டும்.

பட்டறையில் சத்தம் அதிகம். சுத்தியல் சத்தத்தில் காது போகும். அதை ஒரு டிஸ்பென்சரிக்காரன் என்னத்தையோ எழுதி வைத்தால் நான் என்ன செய்வது? நீ நாற்காலியில் உட்கார்ந்து நோட்டைப் புரட்டுகிறாய். இங்கே வந்து நூற்றறுபது தடிமாடுகளை ஒரு நாள் மேய்த்துப் பார்.

வலது மணிக்கட்டு வீங்கியிருக்கிறது, எழுத வரவில்லை. இத்தோடு நிறுத்துகிறேன்.

தம்பி


ஜூலை 30

தம்பிக்கு,

இரண்டு கடிதம் போட்டுவிட்டேன், பதிலைக் காணோம். மணிக்கட்டு என்ன ஆயிற்று? அத்தான் நேரில் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன் என்கிறார். வேண்டாம், நானே வேறு வேலையாக அந்தப் பக்கம் போகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

ஒரு வரியாவது எழுது.

அக்கா


ஆகஸ்ட் 12

தம்பிக்கு,

உடம்பு எப்படி என்று கேட்டுத் தொடங்குவதுதான் வழக்கம். இன்று கேட்க வாய் வரவில்லை.

நூற்றறுபது என்று நீயே கை தவறி எழுதிவிட்டாய். வருஷத்துக்கு நூற்றறுபது என்றால் மூன்று வருஷத்தில் நானூற்று எண்பது. உங்கள் ஏழாவது வாரப் பட்டியல்களில் மொத்தம் நூற்றுத் தொண்ணூற்றெட்டுப் பேர்தான். மீதி இருநூற்று எண்பத்திரண்டு பேர் எங்கே போனார்கள் என்று சேர்க்கைப் பதிவேட்டை வைத்து முகவரி தேடிப் புறப்பட்டேன். ஒன்பது பேரைக் கண்டுபிடித்தேன். மூன்று பேர் பேசினார்கள்.

ஒருவன் பேருந்துக் கொட்டடியில் வண்டி கழுவுகிறான். பேசும்போது தலையைத் திருப்பித் திருப்பி வலது காதைக் காட்டினான். "அரம் சாருக்கு வலது கைதானே பழக்கம். நேரா நின்னு அடிச்சா இடது காதுலதான் விழும்" என்றான், திசை சொல்வது மாதிரி சாதாரணமாக. ரப்பர் குழாயால் விலாவில் அடித்தால் தடம் தெரியாதாம், அதையும் விளக்கினான்.

இன்னொருத்தி தட்டச்சுக் கடையில் இருக்கிறாள். பள்ளியில் முதல் மாணவியாம். அங்கே முதல் பரீட்சையில் தவறிவிட்டாள். இரும்பைக் கவ்வும் அந்த வைஸின் வாயில் அவள் சுண்டுவிரலை வைத்து, தப்பான விடைக்கு ஒரு சுற்று முறுக்கியிருக்கிறாய். "நாலாவது சுத்துல நகம் தெறிச்சுது. அஞ்சாவது கேள்விக்கு விடை தெரியும், ஆனா சத்தமே வரல" என்றாள். இப்போது ஒன்பது விரலால் அடிக்கிறாள். வேகம் குறைவுதான் என்று என்னிடம் மன்னிப்புக் கேட்டாள், தம்பி.

மூன்றாமவன் சொன்னதுதான் என் தலையில் விழுந்தது. பட்டறைச் சுவரில் சுண்ணாம்புக் கட்டியால் கோடு போட்டிருக்குமாம். தினம் ஒன்றை அழிப்பார்களாம். "கோடு தீர்ற அன்னைக்கு எல்லாருக்கும் மிட்டாய் குடுப்பாங்க. அதுக்கப்புறம் ஒருத்தர் மேலயும் கை படாது. தம்பி, தங்கச்சின்னு கூப்பிடுவாங்க. அது வரைக்கும் தாங்கணும், இல்லன்னா ஓடணும். நான் முப்பத்தொம்பதாவது நாள் ஓடினேன்."

எத்தனை கோடு என்று நான் கேட்கவில்லை. எனக்குத் தெரியும்.

நீ எழுதிவிடு. உன் கையால் எழுதினால்தான் நம்புவேன்.

அக்கா


ஆகஸ்ட் 27

அக்காவுக்கு,

தாடை உடைந்து கம்பி போட்டுக் கட்டியிருக்கிறார்கள். ஒரு மாதமாகக் கஞ்சித்தண்ணிதான், உறிஞ்சிக் குடிக்கிறேன். உன்னிடம் பேசுகிற நிலையில் இருந்தால் கத்தியிருப்பேன். எழுத்தில் கத்த முடியவில்லை.

திட்டம் தொடங்கின வருஷம், நீ எண்ணிய மூன்று வருஷத்துக்கும் முன்னால், நாங்கள் யாரையும் அடிக்கவில்லை. பாதிப் பேர் எட்டாவது வாரம், பத்தாவது வாரம் என்று போய்க்கொண்டே இருந்தார்கள். உன் கணக்கில் நாங்கள்தான் கடைசி. திட்டத்தை நிறுத்தப்போகிறோம் என்று தாள் வந்தது. பிரின்சிபால் உன் விதிப் புத்தகத்தைத் திறந்து என் முன்னால் வைத்தார். "போறவன் எப்படியும் போவான். ஆறு வாரத்துக்குள்ள போயிட்டா நமக்கு நட்டமில்ல. போக வையுங்க" என்றார். முதல் பரீட்சையில் கீழே இருப்பவர்களின் மேசையில் சுண்ணாம்பால் ஒரு புள்ளி வைப்போம். புள்ளி வைத்தவர்களை நான் விரட்ட வேண்டும். முதலில் திட்டினேன். போகவில்லை. அப்பா என்னை பெல்ட்டால் விளாசித்தானே வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்தார், அது எனக்குத் தெரிந்த வேலை. நன்றாகவே செய்தேன். கை பழகிவிட்டால் அதில் ஒரு வெறி வரும், அதையும் மறைக்கமாட்டேன்.

இந்த வருஷம் ஒருத்தன் வந்தான். நீளக் கழுத்து, கொக்கு என்று கூப்பிடுவேன். பரீட்சையில் கடைசி. எல்லோரையும் விட அதிகமாக அவனைத்தான் அடித்தேன். குழாய் இரண்டாகக் கிழிந்தது. இரண்டு விலா போயிருக்கும். அடித்து முடித்து நான் மூச்சு வாங்கும்போது சட்டையை இழுத்து விட்டுக்கொண்டு நோட்டை எடுத்து வருவான். "சார், முடிஞ்சுதுன்னா இந்தக் கணக்க மட்டும் சொல்லிக் குடுங்க சார்" என்பான். எகத்தாளம் இல்லை. அவனுக்கு உண்மையிலேயே தெரிய வேண்டும். ஒரு நாள் சொல்லியும் கொடுத்தேன்.

ஜூலை இருபத்தேழோடு கோடு தீர்ந்தது. அறுபது பேர் தங்கினார்கள், அதில் கொக்கும் ஒருத்தன். மறுநாள் காலையில் நோட்டோடு வந்து நின்றான். அடிக்க வேண்டிய அவசியமே இல்லை, அக்கா. கணக்கில் வந்துவிட்டான், இனி அவனைக் காப்பாற்ற வேண்டியது என் வேலை. ஆனால் அவன் முகத்தைப் பார்த்ததும் நாற்பத்திரண்டு நாள் நான் தோற்றதுதான் கண்ணில் நின்றது. ஒரே அறை. பின்னால் போய் வைஸின் முனையில் மண்டை மோதியது. சத்தம் பெரிதாக இல்லை. அவனோடு கூடவே திரியும் குள்ளன் பெரிய அரத்தை எடுத்து என் முகத்தில் வீசினான், அப்புறம் ஹாஸ்டலை விட்டே ஓடிப்போனான். கொக்கு ஆஸ்பத்திரியில் கண் திறக்காமல் கிடக்கிறான். தவறி விழுந்தான் என்று எழுதியிருக்கிறது. ரிஜிஸ்டரில் விடுப்பு என்று இருக்கிறது. உன் விதிப்படி அவன் தங்கினவன்.

எழுதினால் உன் கையை உடைத்துப்போடுவேன் என்று நேற்று வரை நினைத்துக்கொண்டிருந்தேன். இன்று கேட்கிறேன். பொய் எழுதச் சொல்லவில்லை. உன் விதிப்படியே எழுது. முதல் ஆறு வாரத்தைப் பார்க்கக் கூடாது என்று நீதானே சொன்னாய். அறுபதில் ஒருத்தன்தான் ஓடினான். அதை மட்டும் எழுது. இல்லாவிட்டால் என்னைச் சிறையில் வைப்பார்கள்.

தம்பி


செப்டம்பர் 4

தம்பிக்கு,

உன் கடிதத்தை அத்தானிடம் கொடுத்தேன். படித்துவிட்டுக் கொல்லைப்புறம் போய் வாந்தி எடுத்தார். எனக்கு அதுகூட வரவில்லை.

அப்பாவைச் சாட்சிக்கு இழுக்காதே. அவர் உன்னை அடித்தபோதெல்லாம் நான் அடுத்த அறையில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். நீ கத்துவது தொந்தரவாக இருக்கிறது என்று எழுந்து போய்க் கதவைச் சாத்தியிருக்கிறேன். என் மதிப்பெண்ணைப் பார்த்து ஊரே மெச்சியது. இப்போதும் அதையேதான் செய்திருக்கிறேன், ஆறு வாரத்தின் மேல் ஒரு கதவைச் சாத்தி, அதற்குப் பாராட்டும் வாங்கிக்கொண்டேன். நீ அடித்தது உன் கையால்தான். அதில் நான் பங்கு கேட்கவில்லை, உன் பங்கைக் குறைக்கவும் மாட்டேன். ஆனால் அடிக்க இடம் விட்டது நான்.

உன்னை நினைத்தால் தூக்கம் வரவில்லை. தூக்கிக்கொண்டு அலைந்த பிள்ளை நீ. சிறை என்ற சொல்லைப் படித்தபிறகு அறிக்கையை மூன்று நாள் தொடவில்லை. நீ சொன்னபடி எழுதிவிடலாம் என்று ஒரு பொழுது முழுக்க நினைத்தேன். ஒரு எழுத்தும் பொய்யாக இருந்திருக்காது. பிறகு நாற்பது கல்லூரி என்பது ஞாபகம் வந்தது. நாற்பது பட்டறை, நாற்பது சுவர்.

முதல் நாளிலிருந்து எண்ணிவிட்டேன். பன்னிரண்டு கல்லூரிக்கும் அப்படித்தான். மற்றவர்கள் அறுபத்தைந்திலிருந்து ஐம்பத்தெட்டுக்கு இறங்கினார்கள். நீங்கள் தொண்ணூற்றாறிலிருந்து நாற்பதுக்கு. டிஸ்பென்சரி நோட்டும், பேசின மூன்று பேரின் வாக்குமூலமும், உன் கடிதமும் இணைத்திருக்கிறேன். விதி என்னுடையது என்பதையும் முதல் பக்கத்திலேயே எழுதினேன். இந்த வருஷத்து எண்ணிக்கை மட்டும் பாக்கி, அதை ரிஜிஸ்டரைப் பார்த்து முடிக்க வேண்டும். இருபத்திரண்டாம் தேதி ஆட்கள் வருவார்கள்.

அதற்கு முன்னால் நீயே போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய்விடு. இதை அக்காவாகச் சொல்கிறேன்.


செப்டம்பர் 20

அக்காவுக்கு,

நீ கையெழுத்துப் போடாமல் அனுப்பியிருந்தாய். பரவாயில்லை.

இன்று காலை பிரின்சிபால் என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனார். கொக்கின் அம்மா மருந்து வாங்கக் கீழே போயிருந்தாள். அவர் பையிலிருந்து ஒரு பாரத்தை எடுத்தார். கல்லூரியை விட்டு விலகுகிறேன் என்கிற பாரம். தேதி ஜூலை இருபத்தாறு, காரணம் சொந்த விருப்பம் என்று அவர் கையெழுத்திலேயே இருந்தது. "கையெழுத்துக்கு வழியில்ல, ரேகை போதும். புடிங்க" என்றார். பிடித்தேன். அந்தக் கட்டைவிரலை மையில் ஒற்றித் தாளில் அழுத்தியது நான்தான், அக்கா. சூடாக இருந்தது. அவர் விரலில் ஒட்டிய மையைப் படுக்கை விரிப்பிலேயே துடைத்துவிட்டு, "சனியன் விட்டுது. இனி இவன் நம்ம கணக்குல இல்ல" என்றார்.

படி இறங்கும்போது அடித்தேன். அவர் உருண்டு கீழ்ப்படியில் போய் விழுந்தார், பல் இரண்டு தனியாகக் கிடந்தது. குனிந்து பாரத்தைத்தான் எடுத்தேன். அவரை அடித்தது எனக்குப் பிடித்திருந்தது. கொக்கை அடித்தபோதும் இப்படித்தான் பிடித்திருந்தது. ஒரே கை, ஒரே ருசி. அதனால் இதை நல்ல காரியம் என்று எழுதாதே.

பாரம் இந்த உறைக்குள் இருக்கிறது. மடிப்பில் மை கொஞ்சம் ஒட்டியிருக்கும். தபால் பெட்டி ஸ்டேஷனுக்குப் போகிற வழியில்தான். இதைப் போட்டுவிட்டு அங்கே போகிறேன். வயிற்றுக்கு மாத்திரை எடுத்துக்கொண்டேன்.

உன் தம்பி


அக்டோபர் 10

தம்பிக்கு,

நீ உள்ளே போய் இருபது நாள் ஆகிறது. அங்கே கஞ்சி கொடுக்கிறார்களா, தாடைக் கம்பியைக் கழற்றினார்களா என்று வார்டருக்குத் தனியாக எழுதிக் கேட்டிருக்கிறேன். பிரின்சிபாலையும் பிடித்துவிட்டார்கள். நாற்பது கல்லூரிக்கான உத்தரவு நின்றுவிட்டது.

அறிக்கையில் இந்த வருஷத்து எண்ணிக்கை ஒன்றுதான் பாக்கி இருந்தது. முதல் நாள் வந்தவர்கள் நூற்றறுபது. இப்போது வகுப்பில் ஐம்பத்தெட்டு. கொக்கை எந்தப் பக்கம் போடுவது என்று அதிகாரி கேட்டார். தங்கினவர், விலகினவர், இரண்டே பக்கம்தான் இருக்கிறது. நான் ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

அவன் அம்மா வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். என்னைவிட இளையவள். அலுவலகத்திலிருந்து வந்திருக்கிறேன் என்றதும் எழுந்து நின்றாள், நகர்ந்து எனக்கு இடம் விட்டாள். அந்த மரியாதையை வாங்கிக்கொள்ள முடியவில்லை. நீ யார் என்பதையும், நான் உனக்கு யார் என்பதையும், ஆறு வாரம் யாருடையது என்பதையும் சொன்னேன். முழுக்கக் கேட்டாள். செருப்பைக் கழற்றி என் முகத்தில் அடித்தாள். உதடு கிழிந்தது, மூக்குக் கண்ணாடி உடைந்தது. கீழே விழுந்தபிறகும் அடித்தாள். நர்சுகள் இரண்டு பேர் வந்து இழுத்தார்கள்.

அப்புறம் அதே பெஞ்சின் இரண்டு கோடியிலும் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தோம். என் மடியில் ரத்தம் சொட்டிக்கொண்டிருந்தது. கேட்காமலே திரும்பிவிடலாம், ஆனால் அப்போதும் நானாக ஏதோ ஒரு பக்கத்தில் எழுதியிருப்பேன். கேட்டேன். "உங்க பையன் விலகிட்டான்னு எழுதவா, தங்கிட்டான்னு எழுதவா?"

என் முகத்தைப் பார்க்காமலேதான் சொன்னாள்.

"போ போன்னு அத்தன அடி அடிச்சும் போகலையே அவன். இப்பவா போயிட்டான்னு எழுதுவே?"

ஐம்பத்தொன்பது என்று எழுதிவிட்டேன்.

அக்கா